எடை கூடுமோ என்ற அச்சத்தோடு மனச்சோர்வு மருந்தை மாற்றுவது: எதை எதோடு ஒப்பிடுவது?

மனச்சோர்வு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் சொல்லும் காரணங்களில் எடை கூடுவது முன்வரிசையில் இருக்கிறது. உடுப்பு இறுகுகிறது, "உடம்பு போட்டுவிட்டதே" என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்கள், கண்ணாடி முன் நிற்கவே மனம் வருவதில்லை. ஏற்கெனவே தன்னைத் தானே வெறுக்க வைக்கும் ஒரு நோய்க்கு இது மேலும் தீனி போடுகிறது. அப்படிப்பட்ட ஒருவரிடம் "முதலில் மனசு சரியாகட்டும், எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் பல நேரங்களில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்துவதில்தான் அது முடிகிறது. ஆகவே எடை பற்றிய அச்சத்தை மருந்துத் தேர்வுக்கான முறையான அளவுகோல்களில் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டு இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

அப்படி ஏற்றுக்கொள்வதற்கு மருத்துவ ஆதாரமும் இருக்கிறது. 2018இல் லான்செட் இதழில் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு, 21 மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிய 522 ஆய்வுகளை, ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தது. எல்லா மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகப் பலனளித்தன. அவற்றுக்கிடையே பலனில் இருந்த வேறுபாடு ஒப்பீட்டளவில் சிறியது. அமெரிக்காவில் நடந்து 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தில் நோய் முழுமையாகத் தணிந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். அது பலிக்காமல் வேறு மருந்துக்கு மாறியவர்களுக்கு பியூப்ரோபியான், செர்ட்ராலின், வென்லாஃபாக்ஸின் என்ற மூன்றில் ஒன்று தரப்பட்டது. எதற்கு மாறினாலும் சுமார் நான்கில் ஒருவருக்கு நோய் தணிந்தது. மூன்றும் வெவ்வேறு விதமாக வேலை செய்யும் மருந்துகள் என்றாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பலனில் பெரிய வேறுபாடு இல்லாத இடத்தில், எந்தப் பக்க விளைவை ஒருவரால் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் நியாயமான வழி. எடை பற்றி மருத்துவரிடம் வாய் திறந்து பேசத் தயங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பீட்டுக்கு முன் இரண்டு கேள்விகள்

எந்த மருந்து எடையைக் கூட்டாது என்ற கேள்வியிலிருந்துதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இப்போது எடுக்கும் மருந்து தன் வேலையைச் செய்கிறதா? மருந்து நன்றாகப் பிடித்து, தூக்கம் திரும்பி, வேலைக்குப் போய்வர முடிகிற நிலையில் இரண்டு கிலோ கூடியிருப்பவரின் முடிவும், ஆறேழு வாரம் போதிய அளவில் எடுத்தும் மனம் கனத்தே கிடக்க, எடை மட்டும் கூடிக்கொண்டே போகிறவரின் முடிவும் ஒன்றாக இருக்க முடியாது. முதலாமவருக்கு இழப்பதற்கு ஒன்று இருக்கிறது. பலித்த மருந்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால் அதுவும் பலிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டாமவர் தயங்க வேண்டிய தேவையே இல்லை. அவருக்கு மாற்றம் எப்படியும் வேண்டும், எடையைக் காரணமாகக் காட்டி அதைச் சற்று முன்னதாகவே கேட்கலாம்.

அடுத்த கேள்வி, கூடிய எடை மருந்தால்தான் கூடியதா என்பது. மனச்சோர்வு தானாகவே பசியை மாற்றும் நோய். ஒரே மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறுவதோ இறங்குவதோ அந்நோயைக் கண்டறிவதற்கான அறிகுறிகளுள் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. சாப்பாடு பிடிக்காமல் மெலிந்துபோனவர் குணமாகும்போது பழைய எடைக்குத் திரும்புவது நலம் திரும்புவதன் ஒரு பகுதி. எனவே இப்போதைய எடையை நோய் வருவதற்கு முந்தைய எடையோடு ஒப்பிட வேண்டும். நோயின் உச்சத்தில் இருந்த எடையோடு ஒப்பிட்டால் கணக்கு தவறாகும். இன்னொரு பக்கம், தைராய்டு சுரப்புக் குறைவு சோர்வையும் எடையையும் ஒருசேரக் கொண்டுவரும் என்பதால், மருந்தின் மேல் பழியைப் போடுவதற்கு முன் ஓர் எளிய ரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது. ஸ்டீராய்டு, இன்சுலின், வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட், சில ரத்த அழுத்த மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடியவை. எடை ஏறத் தொடங்கிய மாதத்தையும் ஒவ்வொரு மருந்தும் தொடங்கிய மாதத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எண்கள் சொல்வது

2024 ஜூலையில் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்க மருத்துவப் பதிவேடுகளிலிருந்து, புதிதாக மனச்சோர்வு மருந்து தொடங்கிய 1,83,118 பேரை எடுத்துக்கொண்டு, எட்டு மருந்துகளை எடை விஷயத்தில் ஒப்பிட்டது. செர்ட்ராலின் எடுத்தவர்களை அளவுகோலாக வைத்துக்கொண்டால், ஆறு மாத முடிவில் எஸ்சிட்டலோப்ராம் எடுத்தவர்கள் சராசரியாக 0.41 கிலோவும், பராக்ஸெட்டின் எடுத்தவர்கள் 0.37 கிலோவும், டுலாக்ஸெட்டின் எடுத்தவர்கள் 0.34 கிலோவும் கூடுதலாக எடை ஏறியிருந்தார்கள். வென்லாஃபாக்ஸின், சிட்டலோப்ராம் இரண்டிலும் வேறுபாடு அதைவிடக் குறைவு. ஃப்ளுஆக்ஸெட்டின் ஏறத்தாழச் செர்ட்ராலினைப் போலவே இருந்தது. பியூப்ரோபியான் மட்டும் செர்ட்ராலினைவிட 0.22 கிலோ கீழே நின்றது.

அச்சத்தின் அளவோடு வைத்துப் பார்த்தால் இவை மிகச் சிறிய எண்கள். சராசரி வேறுபாடு அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை. மருந்து என்றாலே பத்துக் கிலோ ஏறிவிடும் என்று அஞ்சி, தொடங்கவே மறுப்பவர்கள் இந்த எண்களை அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆனால் சராசரி என்பது ஒருவருக்கும் நேராத ஒன்றாகவும் இருக்கக்கூடும்; ஒருவருக்கு ஒன்றுமே ஏறாமல் இன்னொருவருக்கு ஆறு கிலோ ஏறியிருந்தாலும் சராசரி மூன்று கிலோ என்றே வரும். அதனால்தான் அதே ஆய்வு வேறொரு கணக்கையும் போட்டது. தன் எடையில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ, அதாவது 60 கிலோ எடையுள்ள ஒருவர் 3 கிலோவோ அதற்கு மேலோ கூடுவதற்கான வாய்ப்பு, செர்ட்ராலினோடு ஒப்பிட எஸ்சிட்டலோப்ராம், பராக்ஸெட்டின், டுலாக்ஸெட்டின் மூன்றிலும் 10 முதல் 15 விழுக்காடு அதிகமாகவும், பியூப்ரோபியானில் சுமார் 15 விழுக்காடு குறைவாகவும் இருந்தது. ஆறு மாதம் முடிவதற்குள் பலர் மருந்தைத் தொடர்வதையே விட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். விடாமல் எடுத்தவர்களிடையே வேறுபாடு இதைவிடக் கூடுதலாக இருக்க இடமுண்டு.

காலமும் கணக்கில் வரவேண்டும். பிரிட்டனின் பொதுமருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு பத்தாண்டுக் காலத்தைப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், எடை கூடும் வாய்ப்பு முதல் சில மாதங்களைவிட இரண்டாம் ஆண்டில்தான் மிகுதியாகத் தெரிந்தது. அத்தகைய ஆய்வு மருந்துதான் காரணம் என்று நிரூபிக்காது. ஆயினும் முதல் மூன்று மாதம் எடை ஏறவில்லை என்பதற்காக எடை பார்ப்பதையே கைவிட்டுவிடக் கூடாது என்பதற்கு அது போதிய எச்சரிக்கை.

எடை கூட்டுவதில் முன்னிற்பவை

மேலே சொன்ன எட்டில் இடம்பெறாத மிர்டாசபின்தான் எடைக்கு அஞ்சுபவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய பெயர். ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் ஏற்பிகளை அடைத்துத் தூக்கத்தையும் பசியையும் ஒன்றாகத் தூண்டும் மருந்து இது. இரவு மாத்திரை போட்டுச் சிறிது நேரத்தில் கண் சொக்கத் தொடங்குகிறது. ஆனால் வயிறு நிறைந்திருந்தும் இனிப்பைத் தேடிக் கை போகிறது, சிலருக்கு நடு இரவில் விழிப்பு வந்து சாப்பிட்டால்தான் மறுபடி தூக்கம் வருகிறது. இந்தப் பசி முதல் சில வாரங்களிலேயே தலைகாட்டிவிடுவதால், மருந்து உடம்புக்கு ஒத்துவருமா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மூவளைய மருந்துகளும் இதே வழியில் எடையைக் கூட்டுகின்றன. அவற்றுக்குள் நார்ட்ரிப்டிலின் சற்று மென்மையானது. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் வழியாக வேலை செய்யும் மருந்துகளின் குடும்பத்தில் (செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், ஃப்ளுஆக்ஸெட்டின் போன்றவை இதைச் சேர்ந்தவை) நீண்ட காலத்தில் எடையைக் கூட்டுவதாக அதிகம் பேசப்படுவது பராக்ஸெட்டின். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் படபடப்பும் கொண்டுவருவதிலும் அது முன்னிற்பதால், வேறு தேர்வு இருக்கும்போது எடைக்கு அஞ்சுபவருக்கு அதைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இவற்றை மோசமான மருந்துகள் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. சாப்பிட முடியாமல் எலும்பும் தோலுமாகி, வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பவருக்கு மிர்டாசபினின் பசியும் தூக்கமும் சிகிச்சையின் பகுதியே. பலருக்குப் பாலுறவு நாட்டத்தை அது குறைப்பதில்லை என்பதும் ஒரு நன்மை.

பியூப்ரோபியான்: எல்லோரும் கேட்கும் மருந்து

எடையைக் கூட்டாத மருந்து எது என்று தேடுபவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடம் பியூப்ரோபியான். அந்தப் பெயர் நியாயமாகவே கிடைத்தது. செரட்டோனினைத் தொடாமல் டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேறு இரு மூளை வேதிப்பொருள்கள் வழியாக வேலை செய்யும் இந்த மருந்தில், பெரும்பாலோருக்கு எடை அப்படியே நிற்கிறது அல்லது சற்றுக் குறைகிறது. பாலுறவுச் சிக்கல்களும் செரட்டோனின் மருந்துகளைவிட வெகுவாகக் குறைவு. எழுந்திருக்கவே மனமில்லாத, எதிலும் நாட்டமில்லாத, பகலெல்லாம் தூக்கம் வழியும் வகைச் சோர்வுக்கு இது பொருத்தமாக அமைகிறது என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

இதை யார் எடுக்கக் கூடாது என்பதை அதைவிட விரிவாகச் சொல்ல வேண்டும். வலிப்பு நோய் இருந்தவர்களுக்கு இது கூடாது. மருந்தின் அளவு கூடக் கூட வலிப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது: மெல்லக் கரையும் வடிவத்தில் நாளொன்றுக்கு 300 மி.கி. வரை ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருப்பது, உடனடியாகக் கரையும் வடிவத்தில் 450 மி.கி. வரை போகும்போது ஆயிரத்தில் நால்வர் என்ற அளவுக்கு உயர்கிறது. மெல்லக் கரையும் மாத்திரையை உடைத்தோ பொடித்தோ விழுங்கினால் ஒரே வேளையில் முழு மருந்தும் ரத்தத்தில் இறங்கிவிடும் என்பதால் அது ஆபத்து. மதுவையோ தூக்க மாத்திரையையோ தொடர்ந்து எடுத்துத் திடீரென்று நிறுத்துபவர்களுக்கும் இது கூடாது. உணவொழுங்கு நோய்கள், அதாவது பட்டினி கிடந்து உடலை வற்ற வைப்பதும், அளவின்றி உண்டு பின் வாந்தியெடுத்து வெளியேற்றுவதும், இப்போதோ முன்போ இருந்தவர்களுக்கும் இது தடை செய்யப்பட்டிருக்கிறது.

இந்தக் கடைசித் தடையில்தான் என் கவலை மிகுதி. எடை கூடுவதற்கு மிகவும் அஞ்சி, எடை குறைக்கும் மனச்சோர்வு மருந்தை விரும்பித் தேடி வருபவர்களில் சிலர், இந்தத் தடை யாருக்காக விதிக்கப்பட்டதோ அவர்களாகவே இருக்கலாம். ஒரு நாளில் பலமுறை எடை பார்ப்பது, சாப்பிட்டதை வெளியேற்றுவது, பேதி மருந்து எடுப்பது, சாப்பாட்டை ஒளித்துவைப்பது போன்ற பழக்கங்கள் எப்போதாவது இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மருந்து கிடைக்காமல் போகலாம். கூடவே, இதுவரை யாரும் கவனிக்காத ஒரு நோய்க்கு முதன்முறையாகச் சிகிச்சை கிடைக்கும்.

மற்ற குறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தூக்கம் கெடலாம், வாய் உலரலாம், கை நடுங்கலாம், ரத்த அழுத்தம் உயரலாம். பதற்றமும் பீதித் தாக்குதலும் முன்னிற்பவர்களுக்குப் பெரும்பாலும் இது முதல் தேர்வாவதில்லை; எண்ணச் சுழற்சி நோய்க்குச் (ஓசிடி) செரட்டோனின் மருந்துகள் தரும் உதவியை இது தருவதில்லை. கல்லீரலில் சில மருந்துகளைச் சிதைக்கும் நொதியை இது தடுப்பதால், ரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரொலால் போன்ற மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறும். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் உடலுக்குள் மாற்றமடைந்துதான் முழுமையாக வேலை செய்கிறது. அந்த மாற்றத்தையும் இது தடுக்கிறது. ஆகவே எடுத்துவரும் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதி மருத்துவரிடம் கொடுத்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

செரட்டோனின் மருந்துகளுக்குள் தேர்வு

பதற்றத்தோடு கூடிய மனச்சோர்வில் பியூப்ரோபியான் பொருந்தாதபோது, தேர்வு மறுபடி செரட்டோனின் மருந்துகளுக்குள்தான் வந்து நிற்கும். அங்கே எடையை மட்டும் கருதினால் செர்ட்ராலினும் ஃப்ளுஆக்ஸெட்டினும் முன்னுக்கு வருகின்றன. ஃப்ளுஆக்ஸெட்டின் தொடக்க வாரங்களில் பசியைக் குறைத்துச் சிலருக்கு ஓரிரு கிலோவைக்கூடக் குறைக்கும். ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல அந்த எடை திரும்பிவிடுவதே வழக்கம் என்பதால், எடை குறைக்கும் மருந்து என்று நம்பி அதைக் கேட்பது ஏமாற்றத்தில் முடியும். உடலில் வாரக்கணக்கில் தங்கும் மருந்து என்பதால் ஒரு வேளை தவறினாலும் தொந்தரவு தெரியாது; அதே காரணத்தால், அதிலிருந்து வேறு மருந்துக்கு மாறும்போது கூடுதல் இடைவெளி தேவைப்படலாம். எஸ்சிட்டலோப்ராம் பலருக்கு நன்றாக ஒத்துப்போகும் மருந்து. எடை விஷயத்தில் செர்ட்ராலினைவிடச் சற்றே பின்தங்குகிறது, அவ்வளவுதான். எஸ்சிட்டலோப்ராமில் நலமாக இருப்பவர் அரைக் கிலோ சராசரி வேறுபாட்டுக்காகச் செர்ட்ராலினுக்கு மாறுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

வென்லாஃபாக்ஸின், டெஸ்வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெட்டின் ஆகியவை தொடக்கத்தில் பசியைக் குறைப்பவை. காலப்போக்கில் சிறிதளவு எடை கூடலாம். உடல்வலியும் சேர்ந்திருந்தால் டுலாக்ஸெட்டினுக்கு ஒரு தனி நியாயம் உண்டு. வென்லாஃபாக்ஸினில் ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்க வேண்டும், நிறுத்தும்போது மிக மெதுவாகக் குறைக்க வேண்டும்.

பின்னர் வந்தவை

2013இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற வோர்டியாக்ஸெட்டின், மருந்து ஆய்வுகளில் எடையைப் பெரிதாக மாற்றவில்லை. அதன் பெருந்தொல்லை குமட்டல். முதல் ஓரிரு வாரங்களில் மிகுந்து பிறகு பலருக்கு அடங்குகிறது. எடைக்கும் பதற்றத்துக்கும் நடுவே சிக்கி, பியூப்ரோபியானும் கூடாதவருக்கு நான் மருத்துவரிடம் முதலில் கேட்கச் சொல்லும் பெயர் இதுதான். விலாசோடோன் 2011இல் வந்தது; எடை விஷயத்தில் சாதகமாகவே பேசப்படுகிறது, சாப்பாட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும், வயிற்றுப்போக்கு வரலாம்.

2009இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்ற அகோமெலட்டின் வேறு வகையானது. மெலடோனின் ஏற்பிகள் வழியாக உடலின் நாள்-இரவுச் சுழற்சியைச் சீர்ப்படுத்த முயலும் இந்த மருந்தைப் படுக்கப் போகும்போது எடுக்க வேண்டும். எடையைப் பொதுவாகக் கூட்டுவதில்லை, பாலுறவுத் தொல்லையும் குறைவு. அதற்கான விலை கல்லீரல் மீதான கண்காணிப்பு: தொடங்கும் முன் ஒரு முறையும், பின் 3, 6, 12, 24ஆம் வாரங்களிலும் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும். ஏற்கெனவே கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களும், ஃப்ளுவாக்ஸமைனோ சிப்ரோஃப்ளாக்ஸசினோ எடுப்பவர்களும் இதை எடுக்கக் கூடாது. பரிசோதனைக்கு ஒழுங்காகப் போகமாட்டோம் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர் இதைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

மருந்தை மாற்றாமல் இருக்கும் வழிகள்

மருந்து ஓரளவு பலித்து முழுமையாகப் பலிக்காதபோது, இன்னொன்றைக் கூட்டாகச் சேர்ப்பது வழக்கம். எடைக்கு அஞ்சுபவர் இங்கேதான் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகளுக்கிடையே அரைக் கிலோ வேறுபாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவருக்கு, துணைமருந்தாக உளப்பிறழ்வு மருந்துகளான குவெட்டியபினோ ஒலான்சபினோ சேர்க்கப்பட்டால், அது ஒன்றே எடையையும் ரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் கணிசமாக ஏற்றக்கூடும். அதே வகை மருந்தான அரிபிப்ரசோல் எடை விஷயத்தில் மென்மையானது, ஆனால் இருப்புக்கொள்ளாமல் அலைய வைக்கும் அமைதியின்மையைச் சிலருக்குத் தரும். லித்தியமும் எடையைக் கூட்டலாம். செரட்டோனின் மருந்தோடு பியூப்ரோபியானைச் சேர்ப்பதும் நடைமுறையில் உள்ள வழியே. பலித்த மருந்தை விடாமல் எடையையும் பாலுறவுத் தொல்லையையும் ஓரளவு சமாளிக்க விரும்புபவருக்கு, மேற்சொன்ன தடைகள் இல்லையென்றால், இது கேட்டுப் பார்க்கத் தகுந்தது.

மருந்தல்லாத வழிகளை இரண்டாந்தரமாக நினைப்பவர்கள் உண்டு. மிதமான மனச்சோர்வுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், செயல்களை ஒவ்வொன்றாக மீட்டெடுக்கும் நடத்தைச் சிகிச்சையும் மருந்துக்கு ஈடாகப் பலனளிப்பவை. எடையைக் கூட்டுவதில்லை, முடிந்த பிறகும் அவற்றின் பலன் நிலைக்கிறது. தலையின் மீது காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2008இலேயே ஒப்புதல் கிடைத்தது. நான்கு முதல் ஆறு வாரம் ஏறக்குறைய நாள்தோறும் போய்வர முடிந்தவர்களுக்கு, எடை என்ற கேள்வியே எழாத வழி அது. கடுமையான மனச்சோர்வில் இவை மருந்தோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

பலித்த மருந்தில் நிலைத்து நின்று எடையை மட்டும் தனியாகக் கவனிக்கலாம் என்ற தேர்வு பலருக்குத் தோன்றுவதே இல்லை. தினசரி நடை மனச்சோர்வுக்கும் நல்லது, எடைக்கும் நல்லது என்பதால் அதற்கு இரட்டைப் பயன். எடை மிகவும் ஏறியவர்களுக்கு அதற்கென்றே மருந்துகளும் உண்டு. அவற்றை மனநல மருத்துவரும் பொதுமருத்துவரும் கலந்து பேசித் தரவேண்டும். மனச்சோர்வு உள்ளவர் தானாக வாங்கி எடுக்கக் கூடாது.

மாற்றுவது என்று முடிவானால்

ஒரு மருந்தை இன்றோடு நிறுத்தி நாளை வேறொன்றைத் தொடங்குவது சில மருந்துகளுக்கு மட்டுமே பொருந்தும். பெரும்பாலும் பழையதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே புதியதை மெல்ல ஏற்றுவார்கள். வேகமாகக் குறைத்தால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்னதிர்ச்சி போன்ற வெட்டல், கெட்ட கனவுகள் ஆகியவை வரும். நோய் திரும்பிவிட்டதென்று இவற்றைத் தவறாக எண்ணிக்கொள்பவர்கள் பலர். குறைத்த சில நாட்களுக்குள் உடல் சார்ந்த தொல்லைகளாக வந்தால் நிறுத்தல் விளைவாக இருக்கவும், வாரங்கள் கழித்து மெல்ல மனம் இருண்டால் நோய் திரும்புவதாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்.

மாற்றத்துக்கு முன் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று எடை: வாரத்தில் ஒரே ஒரு நாள், காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்ததும், எதுவும் உண்பதற்கு முன், அதே எடைக்கருவியில் பார்த்து, பக்கத்தில் அந்த வாரத்தின் மருந்தளவையும், இரவில் பசி எழுந்ததா என்பதையும் எழுத வேண்டும். தினமும் பார்த்தால் உடலில் நீர் ஏறி இறங்குவதைக் கொழுப்பென்று எண்ணிக் கலங்க நேரிடும். இன்னொன்று மனநிலை: பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பலாம், 27 மதிப்பெண்ணில் 5க்குக் கீழே வருவதை நோய் தணிந்த நிலையாகக் கொள்வார்கள். எடையும் மனநிலையும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருக்கும்போது மருத்துவரோடு பேசுவது எளிதாகிறது. மதிப்பெண் 18இலிருந்து 6க்கு வந்திருக்கிறது, எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது என்றால் பேசவேண்டியது ஒன்று. மதிப்பெண் 16இலேயே நிற்க எடை நான்கு கிலோ ஏறியிருந்தால் பேசவேண்டியது வேறு. எத்தனை கிலோ ஏறினால் மறுபடி யோசிக்கலாம் என்ற எல்லையையும் முன்கூட்டியே இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம். முதல் சில மாதங்களில் 5 விழுக்காடு என்பது பொருத்தமான எல்லையாக எனக்குப் படுகிறது.

புதிய மருந்தின் பலனை எடைபோடப் போதிய அளவில் நான்கு முதல் ஆறு வாரம் தேவை. எடையைப் பற்றிய முதல் தீர்ப்புக்கு மூன்று மாதம் ஆகும், மிர்டாசபின் போன்றவற்றில் அதற்கு முன்பே தெரிந்துவிடும். இந்த இடைக்காலத்தில் தூக்கமே தேவைப்படாத அளவுக்கு உற்சாகமும், அளவுக்கு மீறிய பேச்சும் செலவும் தலைகாட்டினால், அது மனநிலை சோர்வுக்கும் மிகை உற்சாகத்துக்கும் இடையே மாறும் இருதுருவ நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம், மருந்து தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை இம்மருந்துகள் அனைத்துக்கும் உண்டு. எந்த வயதினராக இருந்தாலும் அந்த எண்ணம் எழுந்தால், அடுத்த சந்திப்புக்குக் குறித்த தேதிவரை காத்திராமல், அன்றைக்கே கூட இருப்பவரிடம் சொல்லி, மருத்துவரையோ அவசரச் சிகிச்சைப் பிரிவையோ அணுக வேண்டும்.